யாருடைய கையெழுத்து?

அந்த அம்மாளுக்கு அப்போது வயது 63. அமெரிக்காவில், கான்சாஸ் மாநிலத்தில் டொபீகா என்கிற ஊர்க்காரர். குடும்பப் பெண்மணி. எதற்கெடுத்தாலும் பதற்றம், தீராத மனச்சோர்வு, ராத்திரியில் பொட்டுத் தூக்கம் கிடையாது. பார்க்காத வைத்தியம் இல்லை. கடைசியாக, வாஷிங்டனில் இரண்டு டாக்டர்கள் புதிதாக ஒரு ஆபரேஷன் செய்யப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அங்கே அழைத்து வரப்பட்டார்.

1936, செப்டம்பர் 14. அன்றுதான் ஆபரேஷன். அதற்கு முன்பே அந்த அம்மாள் திடீரென்று பின்வாங்கிவிட்டார். காரணம், தலைமுடி! மண்டையில் துளை போட வேண்டும் என்றால் முடியை மழிக்க வேண்டும் அல்லவா? தன்னுடைய சுருள் முடி மீது அவருக்கு அத்தனை பிரியம். முடி போகும் என்று தெரிந்ததும், இந்த ஆபரேஷனே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

டாக்டர் சமாதானம் செய்தார். முடிந்தவரை சுருளைக் காப்பாற்றிவிடுகிறோம் என்று வாக்குக் கொடுத்தார். அம்மாள் நம்பினார். முடி மழிக்கப்பட்டது. மண்டையோட்டில் துளைகள் போடப்பட்டன. மூளையின் முன்பகுதிக்குப் போகும் நரம்பு இழைகள் துண்டிக்கப்பட்டன. அமெரிக்காவில் நடந்த முதல் லோபாட்டமி அது.

கண் விழித்த பிறகு, சுருள் முடி எங்கே என்று அவர் சண்டை போட்டாரா? இல்லை. அதைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லாமல் போய்விட்டது. டாக்டர்களுக்கோ பரம சந்தோஷம். பதற்றம் போய்விட்டதே!

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 'வேண்டாம்' என்று சொன்ன அந்த மனுஷி எங்கே போனார்?

மனநல மருத்துவத்தில் இன்றைக்கும் தீராத சண்டை இது. நோயாளி வேண்டாம் என்கிறார். டாக்டர் வேண்டும் என்கிறார். பக்கத்தில் நிற்கிற இன்னொரு டாக்டர் தயங்குகிறார். நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். யார் சொல்வது நடக்க வேண்டும்? இந்தக் கேள்விக்காக ஒரே ஆஸ்பத்திரிக்குள், ஒரே அறைக்குள் அடித்துக்கொண்டவர்களின் கதையைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

*

கதை ஆரம்பிப்பது போர்ச்சுகலில். 1935, நவம்பர். லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் என்ற நரம்பியல் நிபுணர், மனநோயாளிகளின் மூளை முன்பகுதியில் இருக்கும் இணைப்புகளைச் சிதைத்துவிட்டால் நோய் அடங்கும் என்று நம்பினார். மூட்டு வாதத்தால் அவருடைய கைகள் முடங்கியிருந்ததால், ஆபரேஷனைச் செய்தது அல்மெய்தா லிமா என்ற அவருடைய சக டாக்டர்.

நோயாளிகள் வேண்டுமே, அவர்களுக்கு எங்கே போவது? லிஸ்பனின் மனநோய் ஆஸ்பத்திரியை நடத்திவந்த சோப்ரல் ஸித் என்ற மனநல மருத்துவர் அனுப்பிவைத்தார். முதல் தொகுதி, 20 பேர். 7 பேர் குணம், 7 பேருக்கு முன்னேற்றம், 6 பேருக்கு மாற்றமில்லை என்று மோனிஸ் 1936லேயே உலகத்துக்கு அறிவித்துவிட்டார்.

ஆபரேஷன் முடிந்தவர்கள் சோப்ரல் ஸித்திடம்தான் திரும்பி வந்தார்கள். தினமும் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். மோனிஸ் 'குணம்' என்று எழுதிய இடத்தில் இவர் கண்ணுக்கு வேறு ஏதோ தெரிந்தது. வந்தவர்கள் குறைந்துபோய் வந்திருக்கிறார்கள், ஆளுமையே சிதைந்துவிட்டது என்றார். மோனிஸின் கொள்கையெல்லாம் மூளையைப் பற்றிய புராணக்கதை என்று சாடினார். முதலில் ஆட்களை அனுப்பிவைத்த அதே மனிதர்தான் முதல் எதிர்ப்பாளரும்!

ஆனால், உலகம் யார் பேச்சைக் கேட்டது? 1949ல் மோனிஸுக்கு நோபல் பரிசு கொடுத்தது.

*

மோனிஸின் கட்டுரையைப் படித்துவிட்டுத் துள்ளிக் குதித்தவர் வாஷிங்டனில் இருந்த வால்டர் ஃப்ரீமன். டொபீகா அம்மாளுக்கு வாக்குக் கொடுத்தவர் இவர்தான். 1895ல் பிலடெல்ஃபியாவில் பிறந்தவர். தாத்தா அமெரிக்காவின் பிரபல அறுவை சிகிச்சை நிபுணர். பேரனோ நரம்பியல் நிபுணர்தான், அறுவை நிபுணர் அல்ல. அதனால் ஜேம்ஸ் வாட்ஸ் என்ற இளம் மூளை அறுவை நிபுணரைக் கூட்டு சேர்த்துக்கொண்டார். மூளை ஃப்ரீமனுடையது, கத்தி வாட்ஸுடையது!

ஃப்ரீமனை வெறும் வில்லன் என்று நினைத்துவிடக் கூடாது. வாஷிங்டனில் செயின்ட் எலிசபெத்ஸ் என்ற மாபெரும் மனநோய் ஆஸ்பத்திரியின் ஆய்வுக்கூடத்துக்கு 1924 முதல் தலைவராக இருந்தவர் அவர். ஆயிரக்கணக்கான நோயாளிகள் அங்கே ஆண்டுக்கணக்கில் அடைந்து கிடந்ததைக் கண்ணால் பார்த்தவர். 1930களின் பிற்பகுதியில் அமெரிக்க மனநோய் ஆஸ்பத்திரிகளில் மொத்தம் 4 லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். 1946ல் 'லைஃப்' பத்திரிகை அந்த வார்டுகளின் படங்களை வெளியிட்டபோது நாடே அதிர்ந்தது. படுக்க இடமில்லை, உடுத்தத் துணியில்லை, மருந்து என்று எதுவும் இல்லை. இந்த நரகத்தில் கிடப்பதைவிட மூளையில் ஒரு கீறல் மேல் இல்லையா என்பது ஃப்ரீமனின் கட்சி.

ஆனால், அதே செயின்ட் எலிசபெத்ஸின் தலைமை மருத்துவர் வில்லியம் அலன்சன் வொயிட் மசியவில்லை. என் நோயாளிகள் மேல் கை வைக்க விடமாட்டேன் என்று மறுத்துவிட்டார். ஃப்ரீமன் வேலை பார்த்த இடத்திலேயே அவருக்குக் கதவு சாத்தப்பட்டது. 1937ல் இறக்கும் வரை வொயிட் அந்தக் கதவைத் திறக்கவே இல்லை.

சரி, நோயாளி சம்மதிக்கும் நிலையில் இல்லை என்றால் என்ன செய்வார்கள்? வீட்டாரிடம் கையெழுத்து வாங்குவார்கள். இது எவ்வளவு ஆபத்தான ஏற்பாடு என்பதற்கு ஒரு பிரபலமான குடும்பமே சாட்சி.

1941, நவம்பர். பின்னாளில் ஜனாதிபதியான ஜான் எஃப். கென்னடியின் தங்கை ரோஸ்மேரிக்கு வயது 23. சின்ன வயதிலிருந்தே படிப்பில் மந்தம். வளர்ந்த பிறகு கோபமும் சேர்ந்துகொண்டது. அரசியல் ஆசைகள் நிறைந்த அப்பா ஜோசஃப் கென்னடி, ஃப்ரீமன்-வாட்ஸ் ஜோடியிடம் மகளைக் கொண்டுபோனார். அம்மாவிடம் ஆபரேஷனுக்கு முன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மகளிடம் யார் கேட்டார்கள்?

ஆபரேஷன் நடக்கும்போது ரோஸ்மேரி விழித்துத்தான் இருந்தார். பிரார்த்தனை சொல்லச் சொன்னார்கள், எண்களை எண்ணச் சொன்னார்கள். பேச்சு குழறும் வரை வெட்டினார்கள். குழறியதும் நிறுத்தினார்கள். இதைப் பின்னாளில் சொன்னது வேறு யாருமல்ல, கத்தி பிடித்த வாட்ஸேதான். அதன் பிறகு ரோஸ்மேரியால் ஒழுங்காக நடக்க முடியவில்லை, பேச முடியவில்லை. 2005ல், 86 வயதில் இறக்கும் வரை வாழ்க்கையின் பெரும்பகுதி விடுதிப் பராமரிப்பில்தான் கழிந்தது.

*

ஃப்ரீமனுக்கு வேறு ஒரு குறை. மண்டையில் துளை போட்டுச் செய்கிற ஆபரேஷனுக்கு அறுவை நிபுணர் வேண்டும், மயக்க மருந்து நிபுணர் வேண்டும், ஆபரேஷன் தியேட்டர் வேண்டும். கிராமப்புற ஆஸ்பத்திரிகளில் இதற்கெல்லாம் எங்கே போவது? சுலபமான வழி தேடினார். வீட்டு அடுக்களையில் ஐஸ் கட்டியை உடைக்க வைத்திருந்த குத்தூசி கண்ணில் பட்டது.

கண் இமையைத் தூக்கி, கண்குழிக்கு மேலே இருக்கும் மெல்லிய எலும்பில் ஊசியை வைத்து, சுத்தியலால் ஒரு தட்டு. ஊசி மூளைக்குள் போய்விடும். அப்படியும் இப்படியும் அசைத்தால் இணைப்புகள் அறுந்துவிடும். மயக்க மருந்துகூட வேண்டாம், இரண்டு மூன்று தடவை மின் அதிர்ச்சி கொடுத்தால் போதும், நோயாளி நினைவிழந்து கிடப்பார். எல்லாம் பத்து நிமிட வேலை! 1946, ஜனவரி 17. வாஷிங்டனில் தன்னுடைய கிளினிக்கில் வைத்து ஒரு 29 வயதுப் பெண்ணுக்கு முதல்முதலாக இதைச் செய்தார்.

கட்டடம் ஒன்றுதான், ஆனால் கூட்டாளி வாட்ஸுக்குத் தகவல் இல்லை. ஒருநாள் வாட்ஸ் தற்செயலாக அறைக்குள் நுழைந்தார். நாற்காலியில் நினைவின்றி ஒரு நோயாளி. கண்ணுக்கு மேலே செருகியபடி ஊசி. ஃப்ரீமன் அலட்டிக்கொள்ளவே இல்லை. போட்டோ எடுக்க வேண்டும், கொஞ்சம் இந்த ஊசியைப் பிடித்துக்கொள் என்றார். வாட்ஸ் மறுத்துவிட்டார்.

அன்றைக்கு விழுந்த விரிசல் ஒட்டவே இல்லை. 1947ல் வாட்ஸ் அந்த அலுவலகத்தை விட்டே வெளியேறினார். இருவரும் சேர்ந்து எழுதிய 'சைக்கோசர்ஜரி' நூலின் இரண்டாம் பதிப்பு 1950ல் வந்தபோது, இந்த விஷயத்தில் எங்களுக்குள் உடன்பாடு இல்லை என்பதையும் சேர்த்தே அச்சடித்தார்கள்!

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். வாட்ஸ் எதற்காகச் சண்டை போட்டார்? மூளையை வெட்டுவது பெரிய ஆபரேஷன், அதை அறுவை நிபுணர்தான் செய்ய வேண்டும், தியேட்டரில்தான் செய்ய வேண்டும் என்பதற்காக. நியாயம்தான். ஆனால், கத்தி யார் கையில், எந்த அறையில் என்பதோடு அந்தச் சண்டை முடிந்துவிட்டது. நாற்காலியில் கிடந்தவர் இதற்குச் சம்மதித்தாரா என்பது சண்டையின் மையத்தில் இல்லை. ரோஸ்மேரியின் மூளையை முறைப்படி, தியேட்டரில், அறுவை நிபுணரின் கையால்தான் வெட்டினார்கள். முறை சரி. முடிவு?

தனி ஆளாகிவிட்ட ஃப்ரீமன் காரை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பிவிட்டார். 23 மாநிலங்கள். மொத்தம் சுமார் 3,400 ஆபரேஷன்கள், அவற்றில் ஏறக்குறைய 2,500 குத்தூசி முறையில். 1952ல் மேற்கு வர்ஜீனியாவில் இரண்டு வாரத்துக்குள் 228 பேர்! வேடிக்கை பார்க்க டாக்டர்களும் நர்ஸ்களும் கூட்டமாக நிற்பார்கள், சிலர் மயங்கியும் விழுவார்கள். 1951ல் ஐயோவா மாநிலத்தில் ஆபரேஷன் நடுவே போட்டோ எடுப்பதற்காக ஃப்ரீமன் கையை எடுக்க, ஊசி உள்ளே இறங்கி நோயாளி இறந்துபோனார்.

எதிர்ப்புக் குரல்கள் இல்லாமல் இல்லை. நியூயார்க் மாநில மனநல ஆய்வு நிலையத்தின் இயக்குநர் நோலன் லூயிஸ் 1949ல் கேட்ட கேள்வி இன்றைக்கும் சுருக்கென்று தைக்கும். நோயாளி அமைதியாகிவிட்டால் குணமாகிவிட்டார் என்று அர்த்தமா? பார்த்துக்கொள்கிறவர்களுக்கு வசதியாக இருக்கிறது என்பதைத் தவிர இதனால் என்ன பயன்? அடுத்த ஆண்டு, 1950ல், சோவியத் யூனியன் லோபாட்டமியை மனிதத்தன்மைக்கு எதிரானது என்று சொல்லித் தடையே செய்துவிட்டது. (அதே சோவியத் யூனியன் பிறகு, அரசை எதிர்த்துப் பேசியவர்களை மனநோயாளி என்று முத்திரை குத்தி அடைத்துவைத்து ஊசி போட்டது தனிக்கதை!)

*

1960, டிசம்பர். ஃப்ரீமன் கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. சித்தி ஒருவர் தன் கணவருடைய மூத்த தாரத்துப் பையனைப் பற்றிப் புகார் சொல்லிக்கொண்டு வந்தார். பையன் பெயர் ஹோவர்ட் டல்லி. வயது 12. என்ன தப்பு செய்தானாம்? தூங்கப் போகச் சொன்னால் அடம் பிடிக்கிறான், பகல் கனவு காண்கிறான், வெளிச்சமாக இருக்கும்போதே விளக்கைப் போடுகிறான். இதெல்லாம் ஃப்ரீமன் தன் கைப்பட எழுதிவைத்த குறிப்புகள். நம் வீட்டுப் பையன்களில் யார் தேறுவார்கள், சொல்லுங்கள்!

பையனிடம் கோளாறு ஒன்றுமில்லை என்று ஏற்கெனவே வேறு டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். ஃப்ரீமன்தான் ஒப்புக்கொண்டார். அப்பா கையெழுத்துப் போட்டார். பையனிடம் சொன்னது, ஏதோ பரிசோதனைக்காக ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்று. கட்டணம் 200 டாலர்.

அடுத்த சில வாரங்களில், 1961ல், சான்ஃப்ரான்சிஸ்கோவில் டாக்டர்கள் கூட்டம் ஒன்றில் டல்லியை மேடையேற்றினார் ஃப்ரீமன். பையனுக்கு 12 வயது என்று தெரிந்ததும் அரங்கம் கொந்தளித்துவிட்டது. ஃப்ரீமன் ஆத்திரத்தோடு ஒரு பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டினார். உள்ளே இருந்தது, பழைய நோயாளிகள் அனுப்பிய கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகள். சுமார் 500! உங்கள் நோயாளிகள் எத்தனை பேர் உங்களுக்கு வாழ்த்து அனுப்புகிறார்கள் என்று அவர்களைப் பார்த்துத் திருப்பிக் கேட்டார்.

அவர் பொய் சொல்லவில்லை. அட்டைகள் நிஜம். நன்றியும் நிஜமாகவே இருந்திருக்கலாம். ஆனால், அட்டை எழுத முடியாமல் போனவர்களின் கணக்கு அந்தப் பெட்டிக்குள் இல்லையே!

1967ல் ஃப்ரீமன் ஒரு பெண்ணுக்கு மூன்றாவது தடவையாக லோபாட்டமி செய்தார். மூளையில் ரத்தம் கசிந்து அந்தப் பெண் இறந்துபோனார். அதோடு அவருடைய ஆபரேஷன்களுக்கு முற்றுப்புள்ளி. 1954லேயே குளோர்புரோமசின் என்ற மருந்து அமெரிக்கச் சந்தைக்கு வந்து, குத்தூசிக்கான தேவையைக் குறைக்க ஆரம்பித்திருந்தது. 1972ல் ஃப்ரீமன் காலமானார். டல்லியோ பஸ் டிரைவராகி, 56வது வயதில் தன்னுடைய கோப்பைத் தேடிப் படித்து, தன் கதையை 2005ல் வானொலியில் உலகத்துக்குச் சொன்னார்.

*

ஃப்ரீமன் இறந்த அதே வருடம், டெட்ராய்ட்டில் இந்தக் கதையின் கடைசி அத்தியாயம் ஆரம்பித்தது.

லஃபயட் கிளினிக் என்ற ஆராய்ச்சி ஆஸ்பத்திரி. அங்கே ஒரு மனிதரைக் கொண்டுவந்தார்கள். ஒரு நர்ஸ் மாணவியைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டு, வழக்கு விசாரணை இல்லாமலேயே 1955 முதல் மனநோய் ஆஸ்பத்திரியில் அடைபட்டிருந்தவர். 17 வருடம்! அவருடைய ஆவேசத்தை அடக்க மூளையில் பரிசோதனை ஆபரேஷன் செய்வதாகத் திட்டம்.

இந்தத் தடவை எல்லாம் முறைப்படி. விளக்கமான படிவத்தில் அவரே கையெழுத்துப் போட்டார். பெற்றோரும் போட்டார்கள். விஞ்ஞானிகள் குழு ஒன்று சரிபார்த்தது. மனித உரிமைக் குழு ஒன்றும் பார்த்தது. அதில் ஒரு சட்டப் பேராசிரியர், ஒரு பாதிரியார், ஒரு கணக்காளர். இனி என்ன குறை?

1973 ஜனவரியில் கேப் கைமோவிட்ஸ் என்ற வக்கீல் காதுக்கு விஷயம் எட்டியது. பத்திரிகைக்குப் போனார், கோர்ட்டுக்கும் போனார். ஜூலை 10ஆம் தேதி தீர்ப்பு வந்தது. சம்மதம் என்றால் மூன்று விஷயங்கள் வேண்டும் என்றார்கள் நீதிபதிகள். விஷயம் தெரிந்திருக்க வேண்டும், புரிந்துகொள்ளும் திறன் இருக்க வேண்டும், மனம் விரும்பிச் சொல்ல வேண்டும். விடுதலையே டாக்டர்கள் கையில்தான் என்ற நிலையில், வருஷக்கணக்கில் அடைபட்டுக் கிடப்பவர் இப்படிப்பட்ட பரிசோதனை ஆபரேஷனுக்கு 'சரி' என்று சொன்னால், அது மனம் விரும்பிச் சொன்னதாகாது. நாஜி டாக்டர்களின் கொடுமைகளுக்குப் பிறகு 1947ல் வகுக்கப்பட்ட நியூரம்பெர்க் நெறிகளையும் தீர்ப்பில் எடுத்துக்காட்டினார்கள்.

தீர்ப்பைவிட முக்கியமான ஒன்று வழக்கின் நடுவிலேயே நடந்துவிட்டது. அவரை அடைத்துவைத்திருந்த சட்டமே எப்போதோ ரத்தாகிவிட்டதால், அவரை விடுவிக்கச் சொல்லி கோர்ட் உத்தரவிட்டது. மனிதர் வெளியே வந்தார். வந்ததும் என்ன செய்தார் தெரியுமா?

சம்மதத்தை வாபஸ் வாங்கிவிட்டார்!

பூட்டிய அறைக்குள் 'சரி' என்றவர், கதவு திறந்ததும் 'வேண்டாம்' என்றார். இரண்டு குழுக்களும் இத்தனை கையெழுத்துகளும் கண்டுபிடிக்க முடியாததை, ஒரு திறந்த கதவு காட்டிக்கொடுத்துவிட்டது.

*

அப்படியானால், நோயாளி வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டியதுதானா? அவ்வளவு சுலபமில்லை. தற்கொலைக்கு முயன்றவரை, சாப்பாட்டில் விஷம் இருக்கிறது என்று நம்பிப் பட்டினி கிடப்பவரை, அவர் சொல்கிறார் என்று அப்படியே விட்டுவிட முடியுமா? பேசுவது மனிதரா, நோயா என்று பிரித்துப் பார்ப்பது சில நேரங்களில் பெரிய நிபுணர்களுக்கே கஷ்டம். சம்மதம் இல்லாமல் காப்பாற்றப்பட்டு, குணமான பிறகு நன்றி சொன்னவர்களும் உண்டு. வாழ்நாள் முழுக்க மன்னிக்காதவர்களும் உண்டு. அதனால்தான் டாக்டர்களுக்குள்ளேயே இந்தச் சண்டை ஓயவில்லை.

நம் நாட்டில் 2017ல் இயற்றப்பட்ட மனநலப் பராமரிப்புச் சட்டம் நடுவழி ஒன்றைப் போட முயன்றது. மனநோய் இருக்கிறது என்பதாலேயே ஒருவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. உயிருக்கு ஆபத்து போன்ற அவசரத்தில் சிகிச்சை கொடுக்கலாம், அதற்கும் கால வரம்பு உண்டு. பின்னால் உடம்புக்கு முடியாமல் போனால் எனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று தெளிவாக இருக்கும்போதே எழுதிவைக்கவும் வழி இருக்கிறது. மூளை ஆபரேஷன் விஷயத்தில் சட்டம் கறார். நோயாளியின் சம்மதமும் வேண்டும், மறுஆய்வு வாரியத்தின் அனுமதியும் வேண்டும். அப்பா கையெழுத்து மட்டும் செல்லாது.

சட்டம் எழுதியாகிவிட்டது. ஆனால், வார்டில் சட்டப் புத்தகமா நிற்கப்போகிறது? நான்கு மனிதர்கள்தானே நிற்பார்கள்? அவர்களில் ஒருவராவது வொயிட்டைப் போலக் கதவை மறிக்க வேண்டும். ஒருவராவது சோப்ரல் ஸித்தைப் போலத் திரும்பி வந்தவரின் முகத்தைப் பார்க்க வேண்டும். முக்கியமாக, யாராவது ஒருவர் நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து, நீங்கள் வேண்டாம் என்று சொன்னால் நாங்கள் என்ன செய்வோம் என்பதை உண்மையாகச் சொல்ல வேண்டும். 'வேண்டாம்' என்று சொல்ல முடிகிற இடத்தில் சொல்லப்படும் 'சரி'க்குத்தான் மதிப்பு.

டொபீகா அம்மாள் தன் மூளையைப் பற்றி வாதாடவில்லை. அதற்கான விஞ்ஞானம் அவருக்குத் தெரியாது. தனக்குத் தெரிந்த ஒன்றை, தன் தலைமுடியை, தொடாதே என்றார். டாக்டர்களுக்கு அது அற்ப விஷயமாகப் பட்டது.

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்களில் ஒருவராவது, இந்த அம்மாள் முடியைப் பற்றித்தான் பேசுகிறாரா என்று யோசித்திருக்கலாம்.